அக்காவின் ஹோலுக்குள் ஐந்து பெட்டிகள்

எங்கள் ஊரில் யாராவது ஒரு மின்சாமான் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து ஒரு சொல் கேட்டுவிட்டுப் போவார்கள். இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்று எனக்கே தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சங்கக்கடையில் அரிசி நிறுத்தே தலை நரைத்தவன். ஆனால் ஒரு பெட்டி கைக்கு வந்தால் அதன் நாலு பக்கமும் எழுதியிருப்பதை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பேன். விளங்காததை விளங்கியவர்களிடம் கேட்பேன். அதைவிட, அந்தச் சாமானை முன்னமே வாங்கிப் பாவிக்கிற ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதை நீட்டிக்கொண்டிருப்பேன். அவர்கள் வாயில் வருகிற தீர்ப்பை எந்தக் கடைக்காரரும் சொல்லித்தர மாட்டார்.

குளிர்சாதனப் பெட்டி வாங்கிய ஒருவர் என்னிடம் சொன்னார்: "திறந்தால் உள்ளுக்கை லைற் எரியுது அண்ணை. மற்றும்படி அது என்ன செய்யுது எண்டு எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது." தோட்டத்துக்கு மோட்டர் வாங்கிய இன்னொருவர் சொன்னது இது: "சத்தத்தைக் கேட்டால் கடலை இறைச்சு முடிச்சுப்போட்டுது எண்டு நினைப்பியள். வாய்க்காலிலை வந்து பாருங்கோ, ஆடு மூத்திரம் பெய்த மாதிரி." இப்படியான சொல்லுகளை நான் மறப்பதில்லை. அடுத்த முறை யாராவது மோட்டர் கேட்டு வந்தால் இதைத்தான் எடுத்துவிடுவேன். சிரித்துக்கொண்டு போவார்கள், வேறு மோட்டர் வாங்குவார்கள். என் யோசனையால் யாரும் கெட்டுப்போனதில்லை, அக்காவைத் தவிர.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவ. புளியங்கூடலில், என் வீட்டிலிருந்து இரண்டு வேலி தள்ளி இருந்தவ. அத்தான் காலமாகிப் பல வருடங்கள். ஒரே மகன் கனடாவில். சீனி வருத்தம் அக்காவின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இரண்டு வருடத்துக்குள் பகல் எது இரவு எது என்பதை மட்டும் விட்டுவைத்தது. ஆனாலும் அவ தன் வீட்டில் தனியத்தான் இருந்தவ. கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தேத்தண்ணி போடுவா. குக்கரில் சோறு போடுவா. கறியை என் மனைவி கொண்டுபோய்க் கொடுப்பா. எங்களோடு வந்து இருக்கச் சொல்லி நான் கேட்காத நாளில்லை. நாங்களே மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் ஓர் அறையில் இருக்கிறவர்கள், அது அக்காவுக்கும் தெரியும்.

"உன்ரை மகளின்ரை குசினியிலை நான் கை வைச்சால், தேத்தண்ணிக்கே ஆளிட்டைக் கேக்கவேணும். இஞ்சை எனக்குச் சீனிப் போத்தல் எங்கை எண்டு கைக்குத் தெரியும்" என்பா. பிறகு, "சீனி போடக்கூடாதுதான். ஆனாலும் எங்கை இருக்கெண்டு தெரியவேணும்" என்றும் சொல்லுவா.

மகனுக்கு இது பயம். போனமுறை வந்தபோது ஹோலில் ஒரு கமராவும் வாசல் படலையடியில் ஒரு கமராவும் பூட்டிவிட்டுப் போனான். அங்கே வேலைத்தலத்தில் இருந்துகொண்டு போனில் அம்மாவைப் பார்ப்பான். விமானம் ஏறுவதற்கு முதல்நாள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான்:

"மாமா, அம்மா தனிய நடந்து தன்ரை அலுவலைப் பாக்கிற வரைக்கும் இஞ்சை இருக்கட்டும். ஏலாமல் போச்சுது எண்டு கமராவிலை கண்டனெண்டால், யாழ்ப்பாணத்திலை ஒரு முதியோர் இல்லம் பாத்து வைச்சிருக்கிறன். நல்ல இடம். அதுக்குப் பிறகு நீங்கள் மறிக்கக்கூடாது."

நான் ஓம் என்றேன். பிறகு அக்காவிடம் அதைச் சொன்னேன். அவ எழும்பி, நேராகக் குசினிக்கு நடந்து போய், இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு திரும்பி வந்தா. ஒரு துளி சிந்தவில்லை. அதுதான் அவவின் மறுமொழி.

அக்காவுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தொலைக்காட்சி. படம் தெரியாது, குரல் போதும். காலையில் மரண அறிவித்தல் கேட்காவிட்டால் அவவுக்கு விடியாது. 'இறுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் பிரான்சை வதிவிடமாகவும்' என்று தொடங்கினால் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் அவிழ்ப்பா. ஆனால் இந்தக் காலத்துத் தட்டைத் தொலைக்காட்சிகளில் குரல் பின்பக்கத்தால் சுவரைப் பார்த்து வருகிறது. "ரீவிக்குள்ளை ஆக்கள் வாய்க்குள்ளை கதைக்கினம். செத்தது ஆர் எண்டு சொல்லுறதுக்கு இவ்வளவு வெக்கமே?" என்று ஒருநாள் போனில் மகனிடம் சொல்லிவிட்டா.

அவன் அன்றைக்கே எனக்குப் போன் எடுத்தான். சின்ன ஹோம் தியேட்டர் செற் ஒன்று வாங்கிக் கொடுக்க யோசிக்கிறானாம். ஐந்து சின்ன ஸ்பீக்கர் பெட்டி, ஒரு பெரிய பெட்டி. பெரிய வீட்டுக்காரர் வாங்குகிற ஆளுயரப் பெட்டிகள் இல்லை, அலுமாரித் தட்டில் வைக்கக்கூடிய அளவு. "இன்ரநெற்றிலை எல்லாரும் நல்லம் எண்டு எழுதியிருக்கினம். ஆனால் நீங்கள் ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருங்கோ மாமா. நீங்கள் நல்லம் எண்டால் எடுப்பம். சின்னப் பெட்டியிலை அவ்வளவு சத்தம் வருமோ, காசுக்குப் பெறுமதியோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

எனக்கு உள்ளூரப் பெருமை. இதுவரை மோட்டரும் விசிறியும் பார்த்தவன். முதல் முறையாக ஒரு காதுச் சாமான்.

பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனேன். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், யன்னல் வழியே காற்று. என்ன என்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். சின்னப் பெட்டியில் அடிச்சத்தம் எப்படி வரும்? உப்புக்காற்றுக்குத் தாங்குமா? கரண்ட் ஏறி இறங்கினால்? பழுதானால் தீவுக்கு வந்து பார்ப்பார்களா, நாங்கள் சுமந்துகொண்டு போகவேண்டுமா?

கடையில் இதற்கென்றே ஒரு கண்ணாடி அறை. குளிரூட்டி. கால் புதைகிற விரிப்பு. நடுவில் ஒரு மெத்தைக் கதிரை. கடைக்காரர் முப்பது வயதுக்காரர், நல்ல கனிவான ஆள். என் கேள்வி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சின்னப் பெட்டிகள் மேல் சத்தத்தைப் பார்த்துக்கொள்ளுமாம், அடிச்சத்தம் முழுவதும் நிலத்தில் வைக்கிற பெரிய பெட்டியின் பொறுப்பாம். "பெரிய வீட்டுக்குப் பெரிய செற் ஐயா. உங்கடை அளவு ஹோலுக்கு இதுவே மிச்சம்" என்றார். பிறகு என்னைக் கதிரையில் இருத்தினார்.

"ஐயா, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ."

கண்ணை மூடினேன். எனக்கு முன்னால் மழை பெய்தது. இடது பக்கத்தில் ஒரு குருவி கத்தியது. அது எழும்பி, என் தலைக்கு மேலாலே போய், முதுகுப் பக்கத்தில் ஒரு கிளையில் இருந்தது. கிளை அசைந்த சத்தமும் கேட்டது. பின்னால் யாரோ நடந்து வந்தார்கள். அக்காவை நினைத்தேன். கண் தெரியாத மனிசிக்கு இதைவிட வேறென்ன வேண்டும், குருவி பறக்கிற திசையைக் காதாலே காட்டுகிறதே என்று நினைத்தேன். கண்ணுக்குள் தண்ணீர்கூட வந்தது. வெட்கத்தில் உடனே திறக்கவில்லை.

திறந்த பிறகு சொன்னேன், "தம்பி, குருவி சரி. மரண அறிவித்தல் ஒண்டு போடும்."

அவர் என்னைப் பார்த்தார். "மரண அறிவித்தலோ?"

"ஓம். எங்கடை வீட்டிலை குருவி கேக்கப் போறேல்லை. அதைத்தான் கேக்கப் போகினம்."

"ஐயா, இந்த அறைக்குள்ளை ஒருத்தரும் இதுவரைக்கும் உதைக் கேக்கேல்லை" என்று சிரித்தபடி தன் போனில் ஒன்றைத் தேடிப் போட்டார். காரைநகரைப் பிறப்பிடமாகக் கொண்ட ஒரு பெரியவர் இறைவனடி சேர்ந்திருந்தார். நடுப் பெட்டியிலிருந்து குரல் வந்தது. ஒவ்வோர் எழுத்தும் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்த மாதிரி. மருமக்களின் பெயர்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் ஒருவர் தப்பவில்லை. பின்னால் மெல்லிய நாதஸ்வரம் என் இரண்டு தோளுக்கும் பின்னே ஓடியது. வாசலில் நின்ற வேறொரு வாடிக்கையாளர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஆனால் இருந்த இடத்தில் இருந்துதான் கேட்டேன். எழும்பி நாலடி நடந்து பார்க்கவில்லை. நடந்து பார்க்கவேண்டும் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை.

அன்று பின்னேரம் கனடாவுக்குச் சொன்னேன்: "தம்பி, நல்ல செற். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்."

அடுத்த கிழமை கடையிலிருந்து இரண்டு பேர் வான் வண்டியில் கொண்டுவந்து பூட்டினார்கள். தொலைக்காட்சி ஹோலின் யன்னல் மூலையில். அதன் அடியில் ஒரு சின்னப் பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு. அக்காவின் கதிரைக்குப் பின்னால் சுவரில் மற்ற இரண்டும்: ஒன்று குசினி வாசலுக்கு மேலே, ஒன்று படுக்கையறை வாசலுக்கு மேலே. பெரிய பெட்டியைக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தார்கள். அக்கா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தா.

"பொலித்தீனைக் கழற்றாதேங்கோ. உப்புக்காத்து அடிக்கும்."

"கழற்றாட்டில் சத்தம் வராது அம்மா."

"ரண்டு நாள் கிடக்கட்டும். புதுச் சாமானை உடனை அவிழ்த்தால் ஒரு மாதிரி."

கெஞ்சிக் கேட்டுக் கழற்றினோம். மறுநாள் காலை நான், மனைவி, அக்கா மூவரும் இருந்து மரண அறிவித்தல் கேட்டோம். அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான் செத்த ஆக்களுக்கு ஒரு மரியாதை" என்றா. அறிவித்தல் முடிந்து நாடகம் ஒன்று தொடங்கியது. அதில் யாரோ பின்பக்கத்தால் வந்து கதைத்தார்கள். அக்கா கதிரையில் திரும்பி, குசினி வாசலைப் பார்த்து, "ஆரது? வாங்கோ, இருங்கோ" என்றா.

நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தா. "வந்த ஆள் ஒரு மறுமொழி சொல்லேல்லை. அப்பிடியான ஆளுக்குத் தேத்தண்ணி இல்லை" என்றா. அதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய சாமானைக் குறைசொல்ல ஒருவருக்கும் வாய் வராது. சட்டை பெரிதென்றாலும் அளவு என்போம். சொக்கிலேற் உருகிக் கட்டியாகி வந்தாலும் ருசி என்போம். அங்கே குளிரில் கையை ஊதிக்கொண்டு உழைத்தது என்ற நினைப்பு முன்னுக்கு வந்து நிற்கும். அதனால் மகன் போனில் "எப்பிடி அம்மா?" என்று கேட்டபோது அக்கா, "நல்லாயிருக்குது மோனை" என்றா. மறுநாளும் அதையே சொன்னா. அதற்கு அடுத்த நாளும்.

அந்தச் செற்றில் ஒரு நீல லைற் உண்டு. போட்டால் எரியும். கமராவில் அது தெரியும். எரியாவிட்டால் கனடாவிலிருந்து போன் வரும்: "என்னம்மா, போடேல்லையோ? பழுதாப் போச்சோ? மாமாவை வரச்சொல்லட்டோ?" அதனால் அக்கா விடியக் காலமை போட்டுவிட்டு, படுக்கப் போகும்போதுதான் நிறுத்துவா. பிள்ளை பார்க்கிறான், சந்தோசப்படட்டும்.

மூன்றாம் கிழமையளவில் நான் போனபோது தேத்தண்ணி தரவில்லை. கேட்கவும் கூச்சம். அடுத்த நாளும் இல்லை. குக்கரைத் திறந்து பார்த்தேன், காய்ந்து கிடந்தது. மனைவி கொண்டுபோன கறியை அக்கா கடைப் பாணோடு, கதிரையில் இருந்தபடியே சாப்பிட்டிருக்கிறா. நான் வந்தால் செருப்புச் சத்தத்திலேயே விறாந்தைக்கு வருகிறவ, இப்போது நான் முன்னால் போய் நின்று "அக்கா" என்று கூப்பிட்ட பிறகுதான் தலையை நிமிர்த்துவா.

"உடம்புக்கு ஏலாதோ?"

"சும்மா இருக்கிறன். நல்லாத்தானே இருக்கு, கேட்டுக்கொண்டு."

நான் நம்பினேன். அதற்கு மேலே, மகன் எடுத்தபோது, "கொம்மா நல்லா ரசிக்கிறா தம்பி, எழும்புறாவே இல்லை" என்று என் வாயாலேயே சொன்னேன்.

பிறகு ஒருநாள் அக்காவின் நெற்றியில் பெரிய வீக்கம். நீலம் பாரித்திருந்தது. கேட்டால் நுளம்பு கடிச்சது என்றா. "எந்த ஊர் நுளம்பு அக்கா, கதவு நிலையின்ரை அகலத்துக்குக் கடிக்கிறது?" என்றேன். அவ ரீவி ரிமோட்டைத் தடவி எடுத்துச் சத்தத்தைக் கூட்டினா. மகனின் கமரா கேட்கக்கூடாதாம். பிறகு என் காதோடு சொன்னா:

"முந்தி ரீவி கதைக்கிற பக்கம் முதுகைக் காட்டி நடந்தால் பன்ரண்டு அடியிலை குசினி. வலக்காதிலை கேட்டால் அறை. இடக்காதிலை கேட்டால் விறாந்தை. குசினி கிட்ட வர ஐஸ்பெட்டி உறுமும், அதைப் பிடிச்சுக்கொண்டு போவன். இப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் கதைக்குது, தம்பி. அந்தப் பெரிய பெட்டியும் ஐஸ்பெட்டி மாதிரி உறுமுது. எழும்பினால் நான் எங்கை நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியேல்லை."

ஒரு வருடத்துக்கு மேலாக அக்கா அந்த வீட்டில் நடந்து திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். எதைப் பிடித்து நடக்கிறா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த மூலையில் ஒரே இடத்தில் இருந்து வாய்க்குள் கதைத்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் குரல்தான் அவவுக்குக் கைத்தடி. அதைத்தான் நான் நல்ல செற் என்று சொல்லி ஐந்தாக முறித்துப் போட்டிருக்கிறேன்.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"பிள்ளை ஆசைப்பட்டு அனுப்பினது. நீயும் நல்லம் எண்டனி. ரண்டு ஆம்பிளையள் சொன்னதை நான் ஏன் கெடுப்பான்?"

செற்றோடு வந்த ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் பின்பக்கப் பெட்டிகள் அடங்கும் என்று கையேட்டில் கண்டுபிடித்தேன். அழுத்தினேன், அடங்கின. மத்தியானம் கரண்ட் போய் வந்தது. செற் எல்லாவற்றையும் மறந்து பழையபடி ஐந்து வாயாலும் கதைக்கத் தொடங்கியது. அந்தப் பொத்தான்களோ வழுவழுவென்று, எல்லாம் ஒரே அளவு. விரலால் தடவி ஒன்றைப் பிரித்தெடுக்க அக்காவால் ஏலாது.

சரி, வயரையே கழற்றுவோம் என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, குசினி வாசலுக்கு மேலே இருந்த பெட்டிக்குக் கையை நீட்டினேன். அப்போது கமராவிலிருந்து குரல் வந்தது. அதற்குள்ளாலே கதைக்கவும் ஏலும் என்று எனக்குத் தெரியாது.

"மாமா, கதிரையிலை ஏறி என்ன செய்யிறியள்? விழப்போறியள்."

அறுபத்தைந்து வயது ஆள், வயரைப் பிடித்த கையோடு நின்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஐந்து சொல்லு. கீழே அக்கா முகத்தை மேலே உயர்த்தி, தலையை மெதுவாக இல்லை, இல்லை என்று ஆட்டினா.

"தூசி தட்டுறன், தம்பி" என்றேன். சால்வை முனையால் பெட்டியைத் துடைத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவ, "சொல்லுறதுக்கு உங்களுக்கு வாய் இல்லாமல் இருந்த நாளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றா. அது தைத்தது. அடுத்த நாள் காலை மதகடிக்குப் போய் நின்று, ஒருவரும் கேட்காத இடத்தில், கனடாவுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மூலையில் கதைத்த ரீவியை, பன்னிரண்டு அடியை, உறுமுகிற பெட்டியை, நுளம்பை. என் பிழை என்று சொன்னேன். கடையில் இருந்தபடி கேட்டேன், நடந்து பார்க்கவில்லை என்றேன்.

அவன் முழுவதையும் கேட்டான். பிறகு சொன்னான்:

"மாமா, போன செவ்வாய்க்கிழமை அம்மா ஹோலுக்கு நடுவிலை நிண்டவ. ஒரு பக்கம் கையை நீட்டினா, பிறகு மற்றப் பக்கம். பிறகு ஒண்டும் செய்யாமல் அப்பிடியே நிண்டவ. நான் இஞ்சை வேலையிலை. கையிலை போன். கூப்பிட்டால் பயந்து விழுந்திடுவா எண்டு கூப்பிடவும் ஏலேல்லை. எவ்வளவு நேரம் நிண்டவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"அது செற்றாலை தம்பி."

"நீங்கள்தானே நல்ல செற் எண்டனீங்கள்."

"செற் நல்லம். அதுதான் சொல்லுறன், செற் நல்லம், ஆனால்..."

"அப்ப செற்றிலை பிழையில்லை மாமா. அம்மாவுக்கு ஏலாமல் போச்சுது. நீங்கள் அம்மாவிலை இருக்கிற பாசத்திலை கதைக்கிறியள். கிணத்தடியிலை ஓம் எண்டனீங்கள்."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ சாமானைப் பற்றி என் சொல் எடுபட்டிருக்கிறது. நல்லம் என்று நான் முதல் சொன்னதை இரண்டாம் முறை என்னாலேயே திருப்பி எடுக்க முடியவில்லை. அவன் அழுதான் என்று நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. அவனோடு சண்டை பிடிக்க எனக்குக் கோபமும் வரவில்லை.

இல்லத்துக்குப் போகிற நாளில் அக்கா சண்டை பிடிக்கவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்து, "சீனிப் போத்தலுக்கை எறும்பு போகும், இறுக்கி மூடு" என்றா. மகன் சொன்னபடி செற்றையும் கழற்றி, வந்த பெட்டியிலேயே வந்த பஞ்சு மட்டையோடு அடுக்கி, வானில் ஏற்றினோம். அம்மா அங்கேயும் கேட்கட்டுமாம். அக்கா அறையில் இன்னும் மூன்று பேர் இருப்பதால், எல்லோரும் இருக்கிற பொது ஹோலுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதென்று அவனே இல்லத்தோடு பேசி முடித்திருந்தான்.

இடம் துப்புரவு. குறை சொல்ல ஒன்றுமில்லை. பொது ஹோலில் பத்துப் பன்னிரண்டு பேர் கதிரைகளில். ஒரு மூலையில் தொலைக்காட்சி, யாரோ வாய்க்குள் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்று தலையைச் சரித்தா. எனக்கு இப்போது அது என்ன என்று தெரியும். என் முழங்கையைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டா, "அந்த மூலையோ ரீவி?"

"ஓம்."

"அப்ப என்ரை அறை?"

"அதுக்கு நேரை முதுகைக் காட்டி நடக்கவேணும். வாங்கோ எண்ணுவம்."

பதினேழு அடி. மூன்று தரம் நடந்தோம். மூன்றாம் தரம் என் முழங்கையை விட்டுவிட்டு நடந்தா. அறை வாசல் நிலையில் கை வைத்துவிட்டுத் திரும்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல், பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்தா.

நான் ஹோலுக்கு வந்து செற்றைப் பூட்டத் தொடங்கினேன். நடுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்கு அடியில் வைத்து வயரைக் கொடுத்தேன். மற்ற நாலையும் பெரிய பெட்டியையும் மட்டைப் பெட்டிக்குள் விட்டபடி மூடினேன். இல்லத்துக்குப் பொறுப்பாக இருக்கிற அம்மா வந்து பார்த்தா. நல்ல மனிசி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தா.

"ஐயா, ஐந்து பெட்டி எண்டல்லோ உங்கடை மருமகன் சொன்னவர்? சனம் ஆசையா இருக்குதுகள்."

"மற்றது வேலை செய்யாது அம்மா. உப்புக்காத்து. செற் அவ்வளவு நல்லமில்லை."

என் வாயால் ஒரு நல்ல சாமானை நான் கூடாது என்று சொன்னது அன்றுதான். முகம் சுட்டது. கதிரைகளில் இருந்தவர்களில் ஒரு கிழவர், "வெளிநாட்டுக் காசு, உள்நாட்டுச் சாமான்" என்றார். சிரித்தார்கள்.

பொறுப்பான அம்மா மட்டைப் பெட்டியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தா. "கீறல்கூட இல்லை. இதை எறியிறதே? அதுக்கென்ன ஐயா, எங்கடை கரண்ட் வேலை எல்லாம் பாக்கிறவர் ஒராள் இருக்கிறார். கெட்டிக்காரன். வியாழக்கிழமை வருவார். சுவரிலை நாலு பக்கமும் பூட்டித் தருவார்."

நல்ல செற்றைக் கூடாது என்று சொல்லியாயிற்று. இனி அதைப் பூட்டாதேயுங்கோ என்று சொன்னால், கொடுத்த அன்பளிப்பைப் பறிக்கிற மாதிரி. பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நடப்பதற்காக என்று சொன்னால், இவவைப் பார்க்க எங்களால் ஏலாது என்று இல்லத்திலிருந்து மகனுக்குப் போன் போகும். அவன் இதைவிடப் பெரிய இடம் தேடுவான்.

அக்கா பதினேழு அடியையும் தானே நடந்து திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறா.

"நல்ல செற்தான், பிள்ளை" என்று அந்த அம்மாவுக்குச் சொன்னா. "என்ரை மோன் அனுப்பினது."

பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, "இண்டைக்கு என்ன கிழமை, தம்பி?" என்றா.

"திங்கள்."

"அப்ப மூண்டு நாள் இருக்கு" என்றா அக்கா, தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டித் திரும்பி.